மாத்தளைக் காட்டில் ஒரு டப்பா

இலங்கையில் மாத்தளைக்கு நான் போனது கிராம்பு பார்க்க. ஈரோட்டில் மசாலாத் தூள் அரைத்து விற்கிற எனக்கு அங்கே வேறு ஜோலி கிடையாது. காட்டுக்குள் டப்பா தேடுவது என் மகள் அனுவின் திட்டம். பன்னிரண்டு வயது. அவள் ஒரு திட்டம் போட்டுவிட்டால் நாம் நம்முடையதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட வேண்டியதுதான்.

டப்பா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் புத்தி பிசகிக் காட்டில் கல்லைப் புரட்டினேன் என்று நினைப்பீர்கள். உலகம் முழுக்க இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவர் ஒரு டப்பாவுக்குள் சின்ன நோட்டு ஒன்றைப் போட்டு, காட்டிலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவைத்து, அந்த இடத்தைச் செயலியில் குறித்துவிடுவார். மற்றவர்கள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி எடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். அவ்வளவுதான், பரிசு கிரிசு ஒன்றும் கிடையாது. ஜியோகேச்சிங் என்று பெயர். என் வீட்டுக்காரர் முருகேசனுக்கு இதில் பைத்தியம். சென்னிமலையில் ஒரு டப்பாவுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் அலைந்தார். "கழுதை வயசாகியும் கண்ணாமூச்சி ஆடறீங்களே" என்று திட்டுவேன். கூட வா வா என்று கூப்பிடுவார். ஒரு தடவைகூட நான் போனதில்லை.

அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய செயலிக் கணக்கை அனு தன் ஃபோனில் வைத்துக்கொண்டு அடிக்கடி பார்ப்பாள். அப்படிப் பார்த்ததில்தான் தெரிந்தது, ஏழு வருஷத்துக்கு முன் மாத்தளைக்குச் சரக்கு வாங்கப் போனவர், அங்கே ஒரு காட்டுப் பள்ளத்தாக்கில் டப்பா கண்டுபிடித்திருக்கிறார். செயலியில் "கண்டேன், நன்றி" என்று மட்டும் இருந்தது. நோட்டில் என்ன எழுதினார் என்று நோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

"அப்பா எழுதினதைப் பாக்கணும்" என்றாள் அனு. நியாயம்தான். அந்த மனிதர் எல்லாவற்றையும் ஃபோனிலேயே செய்தவர். வீட்டில் அவர் கையெழுத்து என்று இருப்பது பழைய பில் புத்தகங்களில் "பெற்றுக்கொண்டேன்" மட்டும்தான். அதை எத்தனை தடவை ஒரு பிள்ளை பார்ப்பாள்? ஆனால் கடைசியாகப் போன நான்கு பேரும் டப்பா கிடைக்கவில்லை என்று செயலியில் எழுதியிருந்தார்கள். இருக்கிறதோ, வெள்ளம் கொண்டுபோய்விட்டதோ, தெரியாது. பள்ளிக்கூடம் விடுமுறை. அவளையும் எட்டு வயதுச் சபரியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதல் நாள் பஸ்ஸிலேயே போனது. ஏறியதும் முன்னால் இரண்டு இருக்கை காலி. நம்மூர் வழக்கப்படி பாய்ந்து பிடித்தேன். பஸ் நிறைய ஜனம் நிற்க, அந்த இருக்கையில் மட்டும் ஏன் யாரும் உட்காரவில்லை என்று யோசிக்கிற அறிவு அப்போது வரவில்லை. கண்டக்டர் சிங்களத்தில் பணிவாக ஏதோ சொன்னார். நான் டிக்கெட்டைக் காட்டினேன். அவர் தலைக்கு மேலிருந்த எழுத்தைக் காட்டினார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "அது பிக்குமாருக்குள்ள சீட்டுங்க. அவங்க வந்தா ஏந்திரிச்சிரணும்" என்றார்.

"யாரும் வரலீங்களே?"

"வருவாங்க" என்றார் அந்த அம்மா. அடுத்த நிறுத்தத்திலேயே குடையோடு ஒரு புத்த பிக்கு ஏறினார். மிச்ச வழி முழுவதும் யாருடைய லீக்ஸ் காய்கறி மூட்டைக்கோ முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்று வந்தேன். நம்மூரில் மகளிர் இருக்கையில் ஆம்பளை உட்கார்ந்தால் நான் போடுகிற சத்தம் பஸ் நிலையம் வரை கேட்கும். இவர்கள் ஒருவரும் என்னை முறைக்கக்கூட இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்ட சம்பலும். காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் மாசிக் கருவாட்டையும் உப்புப் போட்டு இடித்து உருட்டி வைக்கிறார்கள். மிளகாய்த் தூள் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவள் நான். இரண்டாவது வாயில் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது.

"காரமாங்க? சீனி சம்பல் தரவா?" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, ஊர் ஞாபகம் வந்துடுச்சு."

"ஆமாங்க, மொத நா எல்லாருக்கும் அந்த ஞாபகம் வரும்" என்று சொல்லிச் சீனி சம்பலைக் கொண்டுவந்து வைத்தார். சபரி என்னையும் சம்பலையும் மாறி மாறிப் பார்த்து, "அம்மா, நம்ம தூளு இவங்களுக்குப் பத்தாது" என்றான்.

இரண்டாம் நாள் உக்குவளையில் நஸீர் நானாவின் கிடங்கு. நானா என்றால் அங்கே முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன். என் வீட்டுக்காரர் காலத்திலிருந்து எங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர். நாங்கள் கிராம்பு என்பதை அவர் கராம்பு என்கிறார். பல்லில் கடித்தால் இரண்டும் ஒன்றுதான். முற்றம் முழுக்கப் பாயில் கொட்டிக் காயவைத்திருந்தார்கள்.

"வாங்க தங்கச்சி, இரிங்க. முருகேசன் தம்பி மௌத்தான செய்தி கேட்டு நாங்க சரியாக் கவலைப்பட்டோம். நல்ல மனிசன்" என்றார். பிள்ளைகளைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், மகன் அவர அப்படியே உரிச்சு வெச்சாப்போல" என்றார்.

நான் கேட்டேன்: "அவரு இங்க வந்தா நாள் முழுக்கப் பாய் பக்கத்துலயே நின்னு காயறதைப் பாப்பாராமே?" அந்த நாட்களில் ஃபோனில் என்னிடம் அப்படித்தான் சொல்வார்.

நஸீர் நானா தாடியைத் தடவினார். இறந்தவரையும் விட்டுக்கொடுக்கக் கூடாது, பொய்யும் சொல்லக் கூடாது. "பாத்தாரு தங்கச்சி. அரை மணித்தியாலம் வடிவாப் பாத்தாரு. பொறகு வேன் ஒண்டு கேட்டாரு."

"எங்க போறதுக்கு?"

"காட்டுக்கு. டப்பா தேடவாம். இந்தியாவுல இது ஏதோ நேத்திக்கடன் போலன்னு நெனச்சி நானும் ஒண்ணும் கேக்கல்ல." பிறகு என் முகத்தைப் பார்த்து, "அவரக் கூட்டிப் போன டிரைவர் இப்பவும் ஈக்கிறாரு" என்றார்.

மூன்றாம் நாள் காலை அந்த டிரைவர் மணியம் வேனோடு வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, இருபது வருஷம் தம்புள்ளைக்குக் காய்கறி லாரி ஓட்டியவர். மலை வளைவுகளைப் பார்த்து நான் கம்பியைப் பிடித்ததும், "பயப்படாதீங்க தங்கச்சி. தக்காளி ஏத்தி ஓட்டுன கைங்க, ஒண்ணு நசுங்காது" என்றார். நாங்கள் நசுங்கவில்லை. வேன்தான் ஒன்பதாவது வளைவில் புகைந்து நின்றது. பக்கத்து ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றி, "அதுக்கும் குளிக்கணும்ல" என்றார்.

"எங்க வீட்டுக்காரரோட நீங்களும் உள்ள போனீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. நான் வேனுலயே தூங்கிட்டேன். சாயந்தரம் வந்தாரு, முட்டி வரைக்கும் சேறு, அஞ்சாறு அட்டை தொங்குது, ஆனா மூஞ்சியில ஒரு சிரிப்பு. கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தவரு மாதிரி." அனு முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவில் தலையை நீட்டி, இதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

பாதை தொடங்குகிற இடத்தில் எங்கள் காலுறைகளில் சவர்க்காரம் தேய்த்துவிட்டார்; சோப்புக்கு அங்கே அதுதான் பெயர், அட்டைக்கு அந்த வாசனை ஆகாதாம். பிறகு இலையோடு ஒரு சிறு கொப்பை ஒடித்து, ஓரமாக நின்ற மரத்தின் கவட்டில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுக் கொப்பு தொங்கியது.

"காட்டுக்குள்ள போறதுக்கு முன்ன பிள்ளையாருக்கு ஒரு கொப்பு போடணுங்க. சிங்காளவங்க ஐயனாயக்க சாமின்னு போடுவாங்க. போட்டா யானை வழி விட்டுரும்."

"இங்க யானை இருக்குங்களா?"

"அதுக்குத்தானேங்க கொப்பு" என்றார். நான் இரண்டு போட்டேன்.

இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக ஏற, நடுவில் மரங்கள் நெருக்கிக்கொண்டு நிற்க, கீழே ஓயா, அவர்கள் காட்டாற்றுக்குச் சொல்கிற பெயர், சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிற இடம் அது. பாதை என்று சொன்னது மாட்டுத் தடம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் இரண்டாகப் பிரிந்தது. பாறைக்கு நடுவே ஃபோனுக்குத் திசை பிடிபடவில்லை. டப்பா முதலில் ஓயாவுக்கு நடுவில் இருப்பதாகக் காட்டியது, பிறகு பாறைக்குள், பிறகு எங்கள் வேனுக்குள். செயலியில் ஒளித்தவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு, தொட்டால் திறக்கும். அனு தொட மாட்டேன் என்றுவிட்டாள். "அப்பா குறிப்பைத் திறக்கவே மாட்டாரு. அது அழுகுணி ஆட்டம்."

சபரிக்குத் திரும்பி வர வழி தெரியுமா என்று பயம். மணியம் செய்ததைப் பார்த்திருந்தான் அல்லவா, பாதை பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் நாங்கள் போகிற பக்கத்து மரத்தில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துத் தொங்கவிட்டுக்கொண்டே வந்தான்.

"தம்பி, அது அடையாளத்துக்குப் போடுறது இல்லைப்பா" என்றார் மணியம்.

"விடுங்கண்ணா, புத்திசாலித்தனமாத்தானே செய்யறான்" என்றேன் நான். இந்தப் பயணத்தில் நான் சொன்ன வார்த்தைகளில் திரும்ப எடுத்துக்கொள்ள விரும்புவது இதைத்தான்.

அனு சொன்ன இடத்தைச் சுற்றி ஒரு மணி நேரம் தேடினோம். கல்லைப் புரட்டினோம், பொந்தில் குச்சியை விட்டோம். ஒரு நண்டு வந்தது. மணியம் வானத்தைப் பார்த்து, "மூணு மணிக்கு மேல மழை எறங்கிரும்ங்க. ஓயா ஏறிட்டா தாண்ட ஏலாது" என்றார். மறுநாள் காலை எங்களுக்கு விமானம். இன்றைக்கு இல்லையென்றால் இல்லை. அனுவின் கீழுதடு உள்ளே போய்விட்டது. அழுவதற்கு முன் அவள் செய்வது அது.

"குறிப்பைத் திற" என்றேன்.

"அப்பா..."

"அப்பாவுக்கு மூணு ஞாயித்துக்கிழமை இருந்துச்சு. நமக்கு ஒண்ணரை மணி நேரம்தான். திற."

திறந்தாள். ஆங்கிலத்தில் ஒரே வரி: 'வழிப்போக்கர்கள் பச்சைக் கொப்பு தொங்கவிடும் மரம், வேருக்கு அடியில் பாருங்கள்.' கோடி கொடுத்ததுபோல இருந்தது. ஆரம்பத்து மரம் இல்லை, அது வெகு தூரம். இந்தப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்க வேண்டும். வந்த வழியே ஓடினோம். வளைவு திரும்பியதும் இருந்தது. மரம் நிறையப் பச்சைக் கொப்பு, பத்துப் பன்னிரண்டு. அடியில் ஒரு கல்லில் மெழுகுவர்த்தி எரிய, ஒரு குடும்பமே கைகூப்பி நின்றது. அனு கத்தாத குறை.

சபரி என் கையைச் சுரண்டினான். "அம்மா, இது என் மரம்."

பார்த்தேன். அவன் மரம்தான். வேர் என்று சொல்கிற அளவுக்கு அதற்கு வேரே இல்லை. அதற்கு முந்திய பிரிவில் இருந்த மரத்திலும் பத்துப் பன்னிரண்டு என்று பிறகு தெரிந்தது. அதற்கு முந்தியதிலும். மொத்தம் ஐந்து மரம், எல்லாம் சபரி பிரதிஷ்டை.

அவர்கள் வஹகோட்டையிலிருந்து ஓயாவில் குளிக்க வந்தவர்கள். சோற்றுப் பானை, துண்டு, கழுத்தில் சிலுவை. மணியம் சிங்களத்தில் விசாரித்து எங்களுக்குச் சொன்னார். கூட்டத்தில் மூத்த அம்மா சொன்னது இது: "வழக்கமா மொதல்ல ஒரு எடத்துலதான் போடுவோம். இன்னிக்கு வழி நெடுக யாரோ போட்டிருக்காங்க. யானை நடமாட்டம் அதிகம்போல. அதான் ஒண்ணையும் விடாம ஆளுக்கொரு கொப்பு போட்டுட்டே வர்றோம்."

நீங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் ஆயிற்றே என்று கேட்கச் சொன்னேன். என் வாய் சும்மா இருக்காது.

"மாதா ஊருல பாத்துக்குவாங்க. காட்டுல யானை எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றாராம்.

"அம்மா, நான்தான் போட்டேன்னு சொல்லிடட்டுமா?" என்றான் சபரி.

"வாயைத் தொற, பாரு" என்றேன். அதற்குள் மணியம் தொப்பியைக் கழற்றி அந்த மரத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். "அண்ணா, இது இவன் போட்டதுங்க. நீங்களே பாத்தீங்களே" என்றேன் மெதுவாக.

"தெரியும்ங்க. ஆனா இப்ப பிள்ளையாரு வந்திருப்பாருல்ல" என்றார்.

குடும்பம் அடுத்த சபரி மரத்தைத் தேடிப் போனது. அனு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எது நெஜ மரம்னு இனிமே யாருக்கும் தெரியாது. அப்பா எழுதுனது இங்கதான் எங்கியோ இருக்கு, நாமளே அதை மறைச்சுட்டோம்" என்று விக்கி விக்கி அழுதாள். அவளைப் பார்த்துச் சபரியும் அழுதான். இரண்டு பிள்ளைகளை வேறு நாட்டுக் காட்டில் அழவைத்துக்கொண்டு நிற்கிறோமே, இதற்காகவா வந்தோம் என்று என் மேலேயே ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் தலையைக் குனிந்தேன். தரை தெரிந்தது.

பிரிஞ்சி இலை மூட்டை வந்தால் அதில் வேறு இலை கலந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு கை அள்ளினால் போதும், சொல்லிவிடுவேன். இலை உதிர்ந்ததா, ஒடித்ததா, காய்ந்து எவ்வளவு நாள் என்பதும் தெரியும். பச்சைக் கொப்பைத் தேடினால் சபரியும் வஹகோட்டையும்தான் கிடைப்பார்கள். காய்ந்த கொப்பைத் தேட வேண்டும்.

"எந்திரிங்க ரெண்டு பேரும். மரத்தைப் பாக்காதீங்க. கீழ சருகைப் பாருங்க. மரத்து இலை ஒண்ணு, சருகு வேற ஒண்ணுன்னா என்னைக் கூப்பிடுங்க" என்றேன். பாதையை விட்டு இறங்கி ஒவ்வொரு மரத்தடியாகச் சருகை அள்ளி அள்ளிப் பார்த்தோம். மணியமும் அள்ளினார், ஏன் என்று கேட்கவில்லை.

பாதைக்கு முப்பது அடி கீழே ஒரு பெரிய மரம். கிளையில் ஒன்றும் தொங்கவில்லை. இலை சின்னது, வட்டம். அடியில் கிடந்த சருகில் நீட்டு இலை, அகல இலை, மூன்று விரல் மாதிரிப் பிரிந்த இலை. சுற்றிலும் அந்த ஜாதி மரமே இல்லை. எல்லாம் குச்சியோடு கிடந்தது, குச்சியின் முனை ஒடித்த முனை. மேலே இருந்ததே ஒன்றிரண்டு வருஷத்துச் சருகு.

"இதுதான்" என்றேன்.

மணியம் நிமிர்ந்து பார்த்தார். "அட, ஆமாங்க! முன்ன பாதை இதுலதான் போச்சு. மண்ணு சரிஞ்சப்பொறகு மேலால மாத்திட்டாங்க. அப்பறம் யாரு இங்க வந்து கொப்பு போடப்போறா." முன்னால் வந்த நான்கு பேருக்கும் கிடைக்காத காரணமும் அதுதான்.

வேருக்கு அடியில் கையை விட்டது அனு. பச்சை நாடா சுற்றிய ஒரு பிளாஸ்டிக் ஜாடி. அவளே மூடியைத் திருகித் திறந்தாள். உள்ளே ஒரு பொம்மைக் கார், இரண்டு பாசிமணி, ஒரு திருநீற்றுப் பொட்டலம், நான்காக மடித்த ஒரு நோட்டு. ஓரம் நைந்திருந்தது, எழுத்து இருந்தது.

மூன்றாவது பக்கத்தில் அவர் இருந்தார். வலது பக்கம் சாய்ந்து ஓடுகிற அதே கோணல் எழுத்து. 'முருகேசன். அனு. சபரி. ஈரோடு. மூன்று பேரும் கண்டுபிடித்தோம்.'

முழுப் பொய். அன்றைக்கு அனுவுக்கு ஐந்து வயது, காய்ச்சலோடு ஈரோட்டில் என் மடியில் கிடந்தாள். சபரிக்கு நடக்கவே வராது. அனு அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தன் பெயரைக் கண்டதும் சபரி, "நான் வந்திருக்கேனா?" என்று கேட்டான். "வந்திருக்கே" என்றாள் அவள்.

நான் மறுபடி வாசித்தேன். மூன்று பேர். என் பெயர் இல்லை. கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. வரமாட்டேன், இந்தக் கூத்துக்கு என்னைக் கூப்பிடாதீங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். மனிதர் நான் சொன்னபடி கேட்டிருக்கிறார்.

மணியம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அனுவிடம் கொடுத்தார். அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவை வைத்து, எடுத்து, என்னிடம் நீட்டினாள்.

"ஒருத்தர் ஒரு டப்பாவுல ஒரு தடவைதான் பேரு எழுதணும். எங்க ரெண்டு பேரு பேரையும் அப்பா எழுதிட்டாரு. நீங்கதான் இன்னும் எழுதல."

எழுதினேன். கண் மறைத்ததில் கோடு மாறிப் போனது. அனு நோட்டை வாங்கி, மூன்றாவது பக்கத்திலிருந்து சத்தமாக வாசிக்கத் தொடங்கினாள். முருகேசன், அனு, சபரி. பிறகு ஒரு ஜெர்மன்காரர், கண்டியிலிருந்து இரண்டு பேர், வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர், நீர்கொழும்பிலிருந்து ஒரு குடும்பம். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த யாரையும் விடவில்லை. கடைசிப் பக்கத்துக்கு வந்து, "கோமதி" என்றாள்.

சபரி சிரித்துவிட்டான், அக்கா அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று. என்னை எல்லோரும் அக்கா என்கிறார்கள், அம்மா என்கிறார்கள், கடையில் முதலாளியம்மா என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது.